லெசியாவின் பனித்தளம் பற்றி நீங்கள் கேட்டவை

திருமதி டூசே அவர்களுக்கு,

'விண்ணப்பதாரரை உங்களுக்கு எத்தனை வருடமாகத் தெரியும்?' என்ற கேள்விக்குப் பக்கத்தில் நீங்கள் விட்டிருக்கும் இடம் ஒரு விரல் அகலம்தான் இருக்கிறது. முப்பத்தோரு வருடம் என்று எழுத அது தாராளமாகப் போதும். எழுதிவிட்டுப் பேனாவை மூடத்தான் மனம் வரவில்லை. அதனால் மற்ற பதில்களைத் தனித்தாளில் எழுதுகிறேன். தாள் கொஞ்சம் கூடிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் நெல்ஸ் ஆர்னெசன். பனிமேல் கல் தள்ளி விளையாடும் ஹார்லன் மில்ஸ் கர்லிங் கிளப்பின் மேலாளர். நாலாம் வகுப்பிலிருந்து லெசியா என் சிநேகிதி. பதினாலு வருடமாக எங்கள் கிளப்பில் பனித்தளம் போடுகிறாள். இரண்டு வருடமாக நாங்கள் ஒரே வீட்டில் இருக்கிறோம். இந்தக் கடைசி விஷயத்தை உங்கள் படிவம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னை அப்போதே கழித்துக் கட்டியிருப்பீர்கள், உங்களுக்கும் வேலை மிச்சமாகியிருக்கும்.

உங்கள் புதிய அரங்கத்துக்குத் தலைமைப் பனித்தளக்காரியாக வர அவள் விண்ணப்பித்திருக்கிறாள். இதுதான் கடைசி விண்ணப்பம் என்று என்னிடம் சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள். ஆகவே இந்தக் கடிதத்துக்கு ஒரு கனம் இருக்கிறது என்பதை உணர்ந்துதான் எழுதுகிறேன்.

ஊரில் என்னைப் பற்றி விசாரித்தால் நல்லபடியாகத்தான் சொல்வார்கள். பல வருடம் அவளிடம் ஆசையைச் சொல்லாமல், பக்கத்திலேயே இருந்து, அவள் வண்டியின் பனியைச் சுரண்டி, அவள் அம்மாவின் கொல்லையில் உருளைக்கிழங்கு தோண்டிக்கொடுத்த பொறுமைசாலி நான். கிளப் சமையலறையைப் பார்த்துக்கொள்ளும் வெர்னா அக்காவுக்குத்தான் பொறுமை இல்லை.

"என்னடா நெல்ஸ், இந்த வருஷமாவது வாயத் தொறப்பியா? இல்ல, நான் செத்தப்பறம் என் கல்லறைக்கு வந்து சொல்லுவியா?"

"என்னக்கா அவசரம்?"

"உனக்கென்னடா அவசரம், கல்லு மாதிரி உக்காந்திருக்க. அவளுக்கு வயசாகுது."

ஊரே என்னைப் பார்த்து உச்சுக்கொட்டியது. நானும் வெளியே நின்று என்னைப் பார்த்து உச்சுக்கொட்டிக்கொண்டேன். தன்மேல் தானே இரக்கப்படுவதைப்போலக் குளிருக்கு இதமான வேறொன்றை நான் கண்டதில்லை.

ஆறு வருடத்துக்கு முன் அவள் முதல்முறையாக வெளியூருக்கு விண்ணப்பித்தாள். கால்கரிப் பக்கம் ஒரு பெரிய கிளப். பரிந்துரைக்கு என் பெயரைக் கொடுத்திருந்தாள். ஒரு பெண்மணி தொலைபேசியில் கூப்பிட்டு எல்லாம் கேட்டுவிட்டு, "எந்த விஷயத்துல அவங்க இன்னும் முன்னேறணும்னு நினைக்கறீங்க?" என்றார். நான் நேர்மையாகவே யோசித்தேன். ஒரு குறையும் தோன்றவில்லை. அப்படி யோசித்ததில் சில விநாடி ஓடிவிட்டது.

"பரவால்ல சார், புரியுது" என்றார் அவர்.

"இல்ல இல்ல, ரொம்ப நல்ல பொண்ணு" என்றேன். அந்த இடத்தில் அதைச் சொன்னால் எப்படிக் கேட்கும் என்று உங்களுக்குத் தெரியும். வேலை கிடைக்கவில்லை. அந்த முதல் முறை தற்செயல். அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், என் பக்கத்தில் சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருக்கிறது.

அடுத்த மூன்று தடவை தற்செயல் இல்லை. அதே கேள்வி வரும். நான் மனதுக்குள் ஆறு வரை எண்ணுவேன். ஐந்து போதாது, ஏழு போனால் நாடகத்தனமாகிவிடும். பிறகு மூச்சை மெல்ல விட்டு, "கடுமையா உழைக்கறவங்க" என்பேன். ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. சத்தியம் வைத்துக் கேட்டாலும் அதே வாக்கியங்களைத்தான் சொல்வேன். ஒரு மனிதன் தன் திறமையைக் கண்டுபிடிக்கும்போது அது இப்படி உருப்படாத திறமையாக இருந்தால் என்ன செய்வது?

ஒவ்வொரு முறை மறுப்பு வந்ததும் பழப் பணியாரம் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போவேன்.

"எங்கிட்ட என்னடா குறை?"

"உங்கிட்ட ஒண்ணும் இல்ல. அவனுங்களுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சு."

"நீ மட்டும் இல்லன்னா நான் என்ன ஆகியிருப்பேனோ."

அதை நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். கால்கரியில் இருந்திருப்பாள்.

குளிர்கால மாலைகளில் அவள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து காதல் தொடர் பார்ப்போம். சிநேகிதர்கள் காதலர்களாகும் கதை என்றால் அவளுக்கு உயிர், சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே திட்டுவாள். ஒரு தொடரில், சிநேகிதிக்கு வந்த கடிதத்தை நாயகன் ஒளித்துவைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தான்.

"இவனப் புரிஞ்சுக்கணுமாம். பத்து வாரமா இவன் அழுகையத்தான் காட்டறாங்க. அவ என்ன இழந்தான்னு ஒரு தடவயாவது காட்டினாங்களா?"

"பாவம், பயந்துட்டான்" என்றேன்.

"பயந்தவன் பயமாருக்குன்னு சொல்லுவான். ஒளிச்சுவெக்கறவன் பேரு வேறடா."

நான் விதைக் கிண்ணத்தை நிரப்பிவர உள்ளே போனேன். கிண்ணத்தில் பாதிக்குமேல் இருந்தது. அவள் கவனிக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன், மார்ச் மாதம், மாகாணப் போட்டிக் குழுவிலிருந்து இரண்டு பேர் அவள் தளத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. பிடித்துப்போனால் குளிர்காலம் முழுதும் ஊர் ஊராக அவர்களோடு போவாள். இந்த முறை தொலைபேசி இல்லை, பரிந்துரை இல்லை. கல்லைத் தள்ளிவிட்டுக் கண்ணால் பார்க்கப் போகிறார்கள். எனக்குச் செய்ய வேலையே வைக்கவில்லை.

மூன்று நாள் அவள் அதே தளத்தில் கிடந்தாள். முதுகில் தண்ணீர்க் குடுவையோடு பின்னோக்கி நடந்து, கையை இடமும் வலமும் வீசித் துளி தெளித்தாள். அந்தத் துளிகள் உறைந்து நிற்கும் புள்ளிகள்மேல்தான் நாற்பது ராத்தல் கல் ஓட வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அவள் கை வீசும்போது தோளில் ஒரு சிறு தாளம் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு என் வாழ்க்கையில் எத்தனை மணி நேரம் போயிருக்கிறதோ. வெளியே பனி உருகி மழையும் பெய்துகொண்டிருந்தது. மதியம், குளித்து உடை மாற்றிவரக் கிளம்பினாள்.

"நெல்ஸ், யாரையும் உள்ள விடாத. பின் கதவத் தொறக்கவே தொறக்காத. இந்த ஈரக்காத்து பட்டா போச்சு."

"நீ நிம்மதியாப் போ" என்றேன்.

அவள் வண்டி திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு, ஈரத்தை உறிஞ்சும் இயந்திரத்தை அணைத்தேன். பின் கதவைத் திறந்து, ஒரு பழைய விளையாட்டுக் கல்லை முட்டுக்கொடுத்து வைத்தேன். பிறகு வெர்னா அக்காவிடம் போய் காபி குடித்தேன். இரண்டு கோப்பை. மறுபடி கதவை மூடி இயந்திரத்தைப் போட்டபோது தளத்தின்மேல் உறைபனி மெல்லிய வெள்ளை ரோமம்போல முளைத்திருந்தது. எந்தப் பொத்தான் எதற்கென்று தெரியாத மேலாளர் என்று கிளப் உறுப்பினர்கள் என்னைக் கேலி செய்வதுண்டு. அன்று அவர்கள் பார்த்திருக்க வேண்டும்.

வந்தவர்கள் தள்ளிய முதல் கல் பாதி வழியில் நின்றது. இரண்டாவதும். லெசியா மண்டியிட்டு உள்ளங்கையைத் தளத்தில் வைத்தாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. இஸ்திரி போட்ட நீலச் சட்டை அணிந்திருந்தாள்.

"மழ நாள்ல இப்படி ஆகறதுதான்மா" என்றார் வந்தவர்களில் மூத்தவர்.

"இல்ல சார், என் தப்பு. மிஷின ஒருதடவ பாத்துட்டுப் போயிருக்கணும்" என்றாள் அவள்.

அவர்கள் போன பிறகு பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் தோளில் சாய்ந்து, "இனிமே எங்கயும் போகல நெல்ஸ்" என்றாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு அவளாகவே என்னை முத்தமிட்டாள். சமையலறை ஜன்னலில் வெர்னா அக்கா கரண்டியோடு நின்று, "அப்பாடா, ஒருவழியா" என்றார். அந்த வாரக் கடைசியில் கிளப்பில் கேக் வெட்டினார்கள். எங்கள் இரண்டு பேர் பெயரும் போட்டு, கீழே சர்க்கரையில் செய்த ஒரு விளையாட்டுக் கல். நான் சந்தோஷமாக இருந்தேன். இவ்வளவும் ஒப்புக்கொண்டவன் அதை மட்டும் ஏன் மறைக்க வேண்டும்?

அதற்குப் பிறகு அவள் இயந்திரத்தை நாலு தடவை பார்க்காமல் வீட்டுக்கு வருவதில்லை. தளத்தைத் திறந்துவிடும் முன் என்னிடம் வந்து, "சரியா இருக்கா, நீ ஒருதடவ பாரேன்" என்பாள். கால் வைத்தால் வழுக்கும் என்பதைத் தவிரப் பனித்தளத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத என்னிடம். நான் குனிந்து, நிதானமாகப் பார்த்து, சரி என்பேன். அவள் முகம் தெளியும். அது எனக்குப் பிடித்திருந்தது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ரொம்பவே பிடித்திருந்தது.

உங்கள் விளம்பரத்தைப் போன மாதம் பார்த்தாள். மூன்று நாள் சும்மா இருந்துவிட்டு, சாப்பிடும்போது சொன்னாள்.

"உன் பேரத்தான் மொதல்ல போட்டிருக்கேன். கெடச்சா நீயும் வந்துடு, ரெண்டு பேரும் கடல் பாக்கலாம். கெடைக்கலன்னா இதோட விட்டுடறேன்."

என்னை விட்டுப் போகவில்லை, கூடவே கூப்பிடுகிறாள். ஆக, அந்தப் பழைய பயத்தையும் இனிக் காரணமாகக் காட்ட முடியாது. அங்கே நான் என்னவாக இருப்பேன் என்று யோசித்தேன். தலைமைப் பனித்தளக்காரிக்கு மதியச் சாப்பாடு கொண்டுவரும் ஆள். அந்த எண்ணத்தோடு மூன்று வாரம் மல்லுக்கட்டினேன். கடைசியில் நேர்மைதான் ஜெயித்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆகவே தெளிவாக எழுதுகிறேன்: லெசியாவைவிடத் திறமையான பனித்தளக்காரரை நான் பார்த்ததில்லை. கல் ஓடும் சத்தத்தை வைத்தே தளத்தில் எங்கே கோளாறு என்று சொல்வாள். அவளுக்கு நேர்ந்த ஒவ்வொரு தோல்விக்கும் காரணம் நான். இதை எழுதியதும் நெஞ்சு லேசாகிவிட்டது. ஆறு வருடத்தில் இன்றுதான் என்னை எனக்குக் கொஞ்சம் பிடிக்கிறது.

அவள் பக்கத்து அறையில் பெரோகிக் கொழுக்கட்டை வேகவைக்கிறாள். இப்போதுதான் குரல் கொடுத்தாள்.

"இன்னுமா எழுதற? நல்லதா ரெண்டு வார்த்த போட்டா போதாதா?"

"நீ பேசாம இரு, முழுசா எழுதணும்" என்றேன். சிரித்தாள்.

அவளிடம் இதையெல்லாம் நான் இன்னும் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன். இங்கே ஒரு சின்ன சங்கடம் இருப்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். நீங்கள் கண்ணியமானவர், இதைப் படித்துவிட்டு அவளிடம் மறைக்க உங்களுக்கு மனம் வராது. கேட்டதும் அவள் உடைந்துபோவாள். டிசம்பரில் உங்கள் அரங்கத்தில் பெரிய போட்டி இருக்கிறது. அந்த நிலையில் இருப்பவளிடம் ஆறு தளங்களை ஒப்படைப்பது அவளுக்கும் நல்லதில்லை, உங்களுக்கும் நல்லதில்லை. இந்த வருடம் வேறு யாரையாவது எடுத்துக்கொண்டால், அவளிடம் எதையும் சொல்லவேண்டிய அவசியமே உங்களுக்கு இராது. முடிவு உங்களுடையது. அவள் நன்மைக்காக மட்டும் இதைச் சொல்கிறேன்.

கடைசிக் கேள்வி: 'இவரை மீண்டும் வேலைக்கு வைத்துக்கொள்வீர்களா?'

கட்டாயம் வைத்துக்கொள்வேன். அவளுக்கு வேறு போக்கிடம் ஏது?

இப்படிக்கு,
நெல்ஸ் ஆர்னெசன்