பதின்மூன்றாவது கருவி

விசாரணை அதிகாரி அவர்களுக்கு,

நேற்று எங்கள் வீட்டு முன்னறையில் நீங்கள் விசாரித்தபோது உங்களையும் சேர்த்து ஐந்து பேர் இருந்தோம். வாசலைப் பார்த்த நாற்காலியில் நீங்கள். நீள சோபாவில் என் தம்பியும் அவன் மனைவியும். அவர்களுக்கு எதிரே, யாரும் உட்காரச் சொல்லாததால் நின்றுகொண்டே, உங்கள் நிறுவனத்தின் மெக்கானிக். மூலையில், ரவுட்டர் இருக்கும் மேசைக்குப் பக்கத்தில் நான். அது என் வழக்கமான இடம். நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி, குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா என்று. கொண்டுவந்து கொடுத்தேன்.

கிளம்பும் முன் உங்கள் அறிக்கையை வாசித்துக் காட்டினீர்கள். 'வீட்டின் வைஃபை இணைப்பு பழுதானது. அதைச் சோதிக்காமல் அபாய மணியைப் பொருத்தியது மெக்கானிக்கின் அலட்சியம்.' திங்கட்கிழமைக்குள் எழுத்தில் மறுப்பு வராவிட்டால் அவருக்கு வேலை போய்விடும் என்றீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். செய்யாத தவறுக்கு ஒரு மனிதர் பிழைப்பை இழப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

நான் உதிரிபாகக் கிடங்கில் வேலை செய்பவன். எந்தத் திருகு எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். வீட்டில் இணையம் என் பொறுப்பு. டிவி, சலவை இயந்திரம், வாசல் கேமரா, போன்கள் என்று பன்னிரண்டு கருவிகள். ஒவ்வொன்றுக்கும் ரவுட்டரில் பெயர் கொடுத்து ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். புதிதாக எது வந்தாலும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இணைக்க வேண்டும். இந்த வீட்டில் நான் எதிர்பார்த்த மரியாதை அவ்வளவுதான்.

தம்பியின் மாமனார் இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்து ஆறு மாதம் முன்பு எங்களோடு வந்து தங்கினார். பஸ் கண்டக்டராக இருந்தவர். வீட்டிலும் அவரைக் கண்டக்டர் என்றே சொல்வோம். டிவியில் படம் நின்று வட்டம் சுற்ற ஆரம்பித்தால் என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

"என்ன பெரிய மாப்பிள்ளை, வண்டி எப்பக் கிளம்பும்? நாங்க இறங்கித் தள்ளணுமா?"

எல்லோரும் சிரிப்பார்கள். தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். நானும் சிரித்து வைப்பேன்.

டிவி ஏன் சுற்றுகிறது என்று கண்டுபிடிக்க, கருவிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்துக்கொண்டு வந்தேன். அப்போதுதான் பட்டியலில் பெயரில்லாத பதின்மூன்றாவது கருவி ஒன்று இருப்பதைக் கண்டேன். மாடியில் கண்டக்டர் அறைச் சுவரில் மாட்டியிருந்த வெள்ளைப் பெட்டி, அதாவது உங்கள் அபாய மணி. கழுத்தில் ஒரு பொத்தான் தொங்கும். விழுந்தால் அதை அழுத்த வேண்டும். பெட்டி எங்கள் இணையம் வழியாக உங்கள் அலுவலகத்துக்கும் மகளின் போனுக்கும் செய்தி அனுப்பும். நான் கிடங்கில் இருந்த நேரத்தில் மாட்டியிருக்கிறார்கள்.

சாப்பிடும்போது தம்பியிடம் கேட்டேன்.

"சின்ன சாமான்தானேண்ணே. உன்னை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டோம்" என்றான்.

கண்டக்டர் சோற்றிலிருந்து கையை எடுத்துக் கும்பிட்டார். "டிக்கெட் எடுக்காம ஏறிட்டேன் மாப்பிள்ளை. அடுத்த ஸ்டாப்ல இறக்கி விட்டுராதீங்க."

அன்றைய சிரிப்பு அடங்க நேரமாயிற்று. எனக்குக் கோபம் வந்தது. அதை உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு, மேசைக்கு வந்து, அந்தக் கருவியைத் தடைப்பட்டியலில் சேர்த்தேன். மாடியில் பெட்டியின் பச்சை விளக்கு சிவப்பானது. மறுநாள் கண்டக்டர் குளிக்கும்போது விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டினேன். தூக்கத்தில் கண்ணை உறுத்தக்கூடாதல்லவா.

டிவி பழையபடியே சுற்றியது. ஆக, பெட்டி அதற்குக் காரணமில்லை என்பதும் தெரிந்துவிட்டது. தடையை எடுத்திருக்கலாம். யாராவது வந்து, பெட்டி வேலை செய்கிறதா, கொஞ்சம் பாருங்கள் என்று கேட்டிருந்தால் ஒரு நிமிட வேலை. பதினோரு நாள் காத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் உங்கள் மெக்கானிக் வீட்டு எண்ணுக்குப் பேசினார்.

"சார், உங்க பெட்டி எங்களுக்குத் தெரியவே மாட்டேங்குது. லைட்டு பச்சையா எரியுதா?"

"பச்சைதான்" என்றேன்.

அவர் நேற்று அதைச் சொன்னபோது தம்பி, தான் பேசவே இல்லை என்று சத்தியம் செய்தான். உண்மைதான். நீங்கள் என் பக்கம் திரும்பவில்லை.

பதினோராம் நாள், சனிக்கிழமை மதியம், தம்பியும் மனைவியும் பல் டாக்டரிடம் போயிருந்தார்கள். நான் ரவுட்டரின் பதிவுகளை வாசித்துக்கொண்டிருந்தேன். தடுக்கப்பட்ட பெட்டி ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை உள்ளே வரப் பார்க்கும். அது ஒரு வரியாகப் பதிவாகும். மூன்று பத்துக்கு ஒரு வரி வந்தது. மூன்று பதினொன்றுக்கு இரண்டு. நான்காவது வரியில் எனக்குப் புரிந்துவிட்டது. அவர் அழுத்துகிறார்.

கூப்பிட்ட சத்தம் கேட்டதா என்று கேட்பீர்கள். கேட்டது. "மாப்பிள்ளை, மாப்பிள்ளை" என்றார். இந்த வீட்டில் மாப்பிள்ளை என்றால் என் தம்பி. என்னைக் கூப்பிடுவதானால் 'பெரிய' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். இடையில் எழுந்துபோய்க் காபி போட்டுக் குடித்தேன். நான்கு இருபத்தாறுக்குப் பிறகு வரிகள் வரவில்லை. எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொன்று.

ஐந்து மணிக்குத் தடையை எடுத்துவிட்டு, மாடிக்குப் போய் டேப்பையும் உரித்தேன். குளியலறைக் கதவுக்குப் பின்னால் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் வீணாகிறதே என்று நினைத்துக்கொண்டு இறங்கி வந்தேன். ஆறு மணிக்குத் தம்பி வந்து கதவை உடைத்தான். ஒரு மணி நேரம் முன்பு கொண்டுவந்திருந்தாலும் காப்பாற்றியிருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதாக அவன் அழுதான். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நேற்று பார்த்தேன், மெக்கானிக் விவரமானவர். "பதினோரு நாள் செத்துக் கிடந்த பெட்டி, அஞ்சு மணிக்குத் தானா எப்படி சார் உயிர் வரும்? வீட்டு லைன்ல யாரோ கை வச்சிருக்காங்க" என்றார். தம்பி மனைவிதான் அவர்மேல் பாய்ந்தாள்.

"எங்க அத்தான் தொட்டா எதுவும் சரியாகும், கெடாது. உங்க டப்பாவோட லட்சணத்தை மறைக்க எங்க வீட்டு ஆள் மேல பழி போடாதீங்க."

அப்பாவைப் பறிகொடுத்தவள். ஆறு மாதத்தில் அவள் எனக்காகப் பேசியது அதுதான் முதல் தடவை. நீங்கள் உடனே சமாதானமாக, "வைஃபைதான் விட்டு விட்டு வந்திருக்கும்" என்று எழுதிக்கொண்டீர்கள்.

ஐயா, அது தவறு. இரவெல்லாம் அந்த வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. எங்கள் வீட்டு இணைப்பில் பழுது எதுவும் இருந்ததில்லை. தடுக்கச் சொன்னேன், தடுத்தது. நாற்பத்தொரு முறையும் தடுத்தது. ஒருமுறைகூட விட்டுக்கொடுக்கவில்லை. மெக்கானிக்மேல் உள்ளதை நீக்கும்போது, 'பழுதானது' என்ற சொல்லையும் மறக்காமல் அடித்துவிடுங்கள். பதிவுகளின் நகலை இணைத்திருக்கிறேன்.

இதோ உறையில் போட்டு ஒட்டுகிறேன். பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு, நானே கொண்டுபோய்ச் சேர்க்கப் போகிறேன். திருத்திய அறிக்கையை வீட்டு முகவரிக்கே அனுப்புங்கள். இனி இவர்கள் எதற்கும் என்னைத்தான் கேட்பார்கள். நான் வீட்டில்தான் இருப்பேன்.