தரை நகருது என்று சொன்னவர்

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் பிள்ளைகளோடு அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, பட்டறைகளைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் தோழர்களே, அந்தச் சிற்றுண்டிக் கடையிலிருந்து உயிரோடு வெளியே வந்து இன்று நம்மோடு உட்கார்ந்திருக்கும் அன்பு நெஞ்சங்களே! எல்லோருக்கும் வணக்கம் சொல்லத்தான் எழுந்தேன். நான் எழுந்துவிட்டேன், நாக்கு எழ மறுக்கிறது.

நம் பழுதுபார்ப்போர் சங்கத்தின் மூத்த உறுப்பினர், நம் பாட்டுப்பெட்டி அண்ணன் நம்மை விட்டுப் போய் இன்றோடு ஒன்பது நாள். நாணயம் போட்டுப் பொத்தானை அழுத்தினால், கண்ணாடிக்குள் ஒரு சிறு வண்டி ஓடிப்போய், நாம் கேட்ட இசைத்தட்டைக் கையால் தூக்குவது போலத் தூக்கிப் பாடவைக்குமே, அந்த ஜூக்பாக்ஸ்! இந்த ஊரில் இன்னும் பாடிக்கொண்டிருந்தவை நான்கே நான்கு. நான்குக்கும் அவர் ஒருவர்தான் வைத்தியர்.

அவர் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? திருப்புளியை உடனே எடுக்கமாட்டார். பெட்டியை ஒருமுறை ஓடவிட்டு, கண்ணை மூடிக் கேட்பார். “மோட்டார் உறுமினா பசி, முனகினா வலி” என்பார். அந்தக் காது எனக்கு வாய்த்திருந்தால், வீட்டில் என் மனைவி சொல்வதெல்லாம் கேட்டுத் தொலைத்திருக்கும். நல்லவேளை, வாய்க்கவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் அந்தச் சிற்றுண்டிக் கடையிலிருந்து அழைப்பு வந்தது. பெட்டி பாதிப் பாட்டோடு நின்றுவிட்டது. தட்டைப் பிடித்த வண்டியின் கை அந்தரத்தில் சிக்கிக்கொண்டு நகரவில்லை. அண்ணன் போனார். மின்சாரத்தைத் துண்டித்தார். பிசினாக இறுகிக் கிடந்த பழைய கிரீஸைச் சுரண்டினார். பல்சக்கரத்தைக் கையாலேயே ஒவ்வொரு பல்லாகச் சுற்றிப் பார்த்தார். ஒரு பல்லும் உடையவில்லை. பெல்ட்டும் நன்றாகவே இருந்தது. அப்புறம்தான் கவனித்தார்: திரும்பி வருகிற தட்டு தன் இடுக்கில் இறங்காமல், விளிம்பில் மோதி நிற்கிறது. பெட்டி இடப்பக்கம் ஒரு நூலளவு சாய்ந்திருந்தது. இடக்காலுக்கு அடியில் ஓர் அட்டைத்துண்டைச் செருகினார். பெட்டி பாடியது.

பன்னிரண்டு நாள் கழித்து மறுபடியும் சிக்கியது. அதே இடம். அண்ணன் இன்னோர் அட்டை செருகி, பெட்டியின் முதுகில் பென்சிலால் தேதியையும் அட்டையின் தடிமனையும் எழுதிவைத்தார். அடுத்தது எட்டு நாளில். அதற்கடுத்தது மூன்றே நாளில்!

“என்னண்ணே, என் பெட்டிக்குச் செருப்பு தைக்கிறீங்களா?” என்று கடை முதலாளி சிரித்தாராம்.

அண்ணன் சிரிக்கவில்லை. “பெட்டி அசையல, முதலாளி. தரை நகருது. கீழே மண்ணு போய்க்கிட்டிருக்கு. கடையை மூடுங்க.”

எந்தக் கடைக்காரர் ஒரு மெக்கானிக் சொல்லிக் கடையை மூடுவார்? மூடவில்லை. அவரை மட்டும் நான் குறை சொல்லப் போவதில்லை. அவர் அதோ கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார், வந்ததற்கு நன்றி. அன்று அவர் கோபமாகப் பேசியது சங்கச் செயலாளரிடம். அந்தச் செயலாளர் யார்? நான்! நான் அண்ணனுக்குப் போன் செய்து என்ன சொன்னேன் தெரியுமா?

“அண்ணே, நமக்கு எதுக்கு ஊர் வம்பு? நம்ம வேலை பெட்டியைப் பாடவைக்கிறது. அதோட நிறுத்துங்க.”

அதற்கு அவர் சொன்னார்: “பெட்டி பாடும்டா. கேக்க ஆள் இருக்கணும்ல?”

ஒன்பது நாளாக எனக்குத் தூக்கம் கெட்டிருப்பது இந்த ஒரு வாக்கியத்தால்.

அவர் கட்டட அலுவலகத்துக்கு மனு எழுதினார். “தங்கள் தொழிலுக்குத் தொடர்பில்லாதது” என்று பதில் வந்தது. அதன் பிறகும் தினமும் மத்தியானம் அந்தக் கடைக்குப் போய், ஒரு காப்பி சொல்லிவிட்டு, பெட்டியின் காலடியைப் பார்த்துவிட்டு வந்தார். வேலையத்தவர் என்று ஊர் சொன்னது. நானும் சொன்னேன்.

அந்த வியாழன் மத்தியானம் கடையில் கூட்டம். பெட்டி பாடிக்கொண்டிருந்தது, நடுவில் நின்றது. அண்ணன் எழுந்து போய்த் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். “எல்லாரும் வெளிய போங்க, தரை இறங்கப்போகுது!” என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. ஒருவர், “பெருசுக்கு வெயில் தலைக்கேறிடுச்சு” என்றாராம். வாழ்நாளில் பொய் சொல்லாத மனிதர் அப்போது ஒரு பொய் சொன்னார்.

“பெட்டியில கரன்ட் பாயுது! தரையெல்லாம் ஈரம்! தொட்டா செத்தீங்க, ஓடுங்க!”

தரையை நம்பாதவர்கள் கரன்டை நம்பினார்கள்! இருபத்து மூன்று பேர், தட்டைப் போட்டது போட்டபடி தெருவுக்கு ஓடினார்கள். முதலாளியும் ஓடினார். வெளியே வந்து தலையை எண்ணிய அண்ணன், “பாத்திரம் கழுவுற அக்கா எங்க?” என்று கேட்டார். அந்த அக்காவுக்குக் காது மந்தம். பின்கட்டில் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

அண்ணன் உள்ளே போனார். அக்காவே என்னிடம் சொன்னார்: “யாரோ முதுகுல கை வெச்சுத் தள்ளினாங்க. கொல்லைக் கதவு வழியா விழுந்தேன். திட்டலாம்னு திரும்பிப் பாத்தேன். திட்ட ஆளே இல்ல. கடையே இல்ல.”

பல மாதமாகக் கசிந்த தண்ணீர்க் குழாய் அடியில் மண்ணை அரித்துத் தின்றிருந்தது என்று இப்போது அதிகாரிகள் சொல்கிறார்கள். இப்போது! கையில் ஓர் அட்டைத்துண்டை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் கண்டுபிடித்ததை, மூன்று ஜீப்பில் வந்து கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அண்ணி, உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. அவர் சொன்னதை நம்பியவர் நீங்கள் ஒருவர்தான். “போகாதீங்கன்னு ஒரு நாளும் சொல்லல, போனா கவனமா இருங்கன்னுதான் சொன்னேன்” என்றீர்கள். அந்த நம்பிக்கையில் கால்வாசி எங்களுக்கு இருந்திருந்தால், இந்தக் கூட்டமே இருந்திருக்காது.

தோழர்களே! “நம்ம வேலை இல்ல” என்ற சொல்லை இன்றோடு இந்தச் சங்கம் மறக்கட்டும். ஒரு பழுது நம்மை எங்கே கூட்டிப் போகிறதோ, அதுவரை போவோம். இது அண்ணன் மேல் ஆணை.

வெறும் வாய்ச்சொல்லாக இதைச் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டடங்கள் பத்திரமானவை என்று அதிகாரிகள் பலகை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்று காலை அதே வரிசையிலிருந்து என் பட்டறைக்கு இரண்டு அழைப்புகள் வந்தன. சலவைக் கடையில் இரும்பு ஷட்டர் பாதியில் சிக்கி இறங்க மறுக்கிறது. அதை ஒட்டிய மாடியில் தையல் வகுப்பு நடக்கிறது. அங்கே போன வாரம் வரை சரியாகச் சாத்திய கதவு இப்போது தானாகத் திறந்துகொள்கிறதாம். முப்பது பெண்கள் படிக்கிறார்கள்.

ஆகவே, மௌனம் காக்க உங்களை எழுந்து நிற்கச் சொல்லமாட்டேன். எழுந்து என்னோடு நடக்கச் சொல்கிறேன். வகுப்பு தொடங்க இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது.