முதல் கோட் காயட்டும்

ஹலோ... தம்பி, அண்ணி பேசறேன். கிளம்பிட்டீங்களா?... சரி, சரி... ஆமா, பம்ப்தான். மூச்சுக்கு இழுக்கற பம்ப். உங்ககிட்ட கூடுதலா ஒண்ணு இருக்குன்னு சொன்னீங்களே, அது... பையில போட்டாச்சா? நல்லது. நடந்தே வாங்க, ரெண்டு தெருதானே. ஓடி வந்து நீங்களும் இளைக்க வேண்டாம்.

...உக்கார வச்சிருக்கேன். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அது முதுகு மேல கையை ஊணிக்கிட்டு... ஆமா, ஆமா, அந்த விசில் சத்தம் வாசல் வரைக்கும் கேக்குது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு. வரேங்கறாங்க. அதுவரைக்கும் உங்க அண்ணன் நெஞ்சு தாங்கணுமே... மருந்துக்கடையா? மதியம் சாத்திட்டான். இவரைத் தனியா விட்டுட்டு நான் எங்க போறது?

...இவரு பம்ப் புதுசுதான். நேத்து வாங்கினது. அதை ஏன் கேக்கறீங்க... சொல்றேன். காலையில துணி அலசிக்கிட்டிருந்தேன். புஸ்ஸு புஸ்ஸுன்னு சத்தம். மருந்து இழுக்கறாரு போலன்னு இருந்துட்டேன். வந்து பாத்தா பம்ப்பைக் காதுகிட்ட வச்சு ஆட்டறாரு, ஒரு முழம் தள்ளி நின்னு ஃப்ரிட்ஜ் கதவுக்கு அடிக்கறாரு. மேல இருந்து கீழ, மேல இருந்து கீழ. கை ஒரு இடத்துலகூட நடுங்கல. காருக்குப் பெயின்ட் அடிச்ச அதே கை... 'முதல் கோட் முடிஞ்சுது, தொடாதே, காயணும்'ங்கறாரு. பால் எடுக்கக்கூட விடாம காவல் நிக்கறாரு.

...சிரிங்க, சிரிங்க. நானும் முதல்ல சிரிச்சுட்டேன். அப்புறம் பம்ப்பை வாங்கி அழுத்திப் பாத்தா காலி.

...இல்ல, திட்டல. என்னத்தைத் திட்டறது. எதுத்துப் பேசாதீங்க, அவர் எங்க இருக்காரோ அங்கயே நீங்களும் போயிடுங்கன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. 'சரிங்க, காயட்டும், தொடமாட்டேன்'னேன். அவ்வளவுதான்.

...அதையும் கேட்டேன். ரொம்ப காலமா ஆஸ்துமா கட்டுக்கு வராதவங்களுக்கு மறதி வர்றது கொஞ்சம் கூடுதலா இருக்குன்னு ஆராய்ச்சியில பாத்திருக்காங்களாம். இவருக்கு அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதுன்னுட்டாங்க... ஆமா, வயசும்தான். ஆனா எத்தனை ராத்திரி ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு மூச்சுக்கு நின்னிருக்காரு. தினம் இழுக்க வேண்டிய மருந்தை 'இன்னைக்கு நல்லாத்தானே இருக்கேன்'னு விட்டாரு. இப்ப அப்படி ஒரு மருந்து இருக்கறதே ஞாபகத்துல இல்ல. மூச்சு முட்டி மறதி வந்துதோ என்னமோ, இப்ப மறதியால மூச்சு முட்டுது. நான் எந்தப் பக்கம் பிடிச்சு நிறுத்தறது, சொல்லுங்க.

...என்ன எடுத்துட்டு வரணுமா? பம்ப், தம்பி. இப்பதானே பையில போட்டேன்னீங்க... சரி, சரி, ரோட்டுச் சத்தத்துல கேக்கல போல... நீங்களும் ஒரு தடவை போய்க் காட்டிக்கணும். ஒரே பட்டறை, ஒரே பெயின்ட் புகை. மூக்குக்கு ஒரு துணிகூடக் கட்டாம நின்னீங்க ரெண்டு பேரும்...

இருங்க. என்னங்க, படுக்கக் கூடாது. முன்னால சாஞ்சே இருங்க. மெதுவா விடுங்க, மெதுவா. உங்க தம்பி வந்துட்டாரு, இதோ...

உதடு நீலமா போகுது தம்பி. எங்க வந்துட்டீங்க?... வந்தாச்சா? கதவு திறந்துதான் இருக்கு, உள்ள... பூட்டியிருக்கா? இல்லையே, நான் வாசலைப் பாத்துக்கிட்டுத்தானே நிக்கறேன்... ஷட்டரா? எந்த ஷட்டர்?

...தம்பி, பட்டறையை இடிச்சு எவ்வளவு காலமாச்சு. அங்க இப்ப செருப்புக்கடை... ஆமா... ஆமா... சாவியா? அண்ணன்கிட்டயா?

...

...ஆமா தம்பி. சாவி அண்ணன்கிட்டதான் இருக்கு. குடுத்து அனுப்பறேன். நீங்க அங்கயே படியில உக்காருங்க. எங்கயும் போயிடாதீங்க... தெரியும், கார் சாயங்காலம் டெலிவரி குடுக்கணும்... உங்களுக்கும் மூச்சு வாங்குதே தம்பி. எனக்குக் கேக்குது. பையில பம்ப் இருக்கில்ல? அண்ணனுக்குன்னு வச்சிருக்க வேண்டாம். எடுத்து நீங்களே இழுங்க... பெயின்ட் அடிக்கறது இல்ல, இழுக்கறது தம்பி. வாயில வச்சு... வாயில...

ஹலோ... தம்பி...