இலை நகராத ஓடை

மேலே அசையாமல் நிற்கும் தண்ணீர் அடியில் ஓடுமா?

கொல்லிமலையிலிருந்து இறங்கும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் பேசிக்கொண்டு வந்தார்கள். இந்த மலையில், ஓடும் தண்ணீர்தான் நல்ல தண்ணீர் என்று, ஓடையில் போட்ட இலை நகர்ந்தால்தான் பெண்கள் குடத்தை முக்குவார்கள்.

“இலை அப்படியே நின்னுச்சுங்க. காலிக் குடத்தோட வந்துட்டேன்” என்றார் மனைவி.

“அடியில ஓடுது புள்ள. குறுக்க மூங்கில் கெடக்குல்ல, அதுல சோப்பு ஏடு மாதிரி தேங்கிக்கிச்சு. மேல்தண்ணி மட்டுந்தான் ஆடாது.”

“ஓடைக்குச் சோப்பு எப்படிங்க வந்துச்சு?”

“நேத்து ஸ்ப்ரேயரைக் கழுவுனேன்.”

“தண்ணி மொள்ற எடத்துக்கு மேலயா? நல்லா இருக்குதுங்க உங்க புத்தி!”

“சோப்புக் கரைசல்தான். மொளகு இலையில மருந்து ஒட்டணும்ல.”

“அப்ப மருந்தும் இருந்துச்சு.”

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“கீழ குவாட்டர்ஸுக்கும் இதே ஓடைதானுங்களே? அங்க கைப்புள்ளைங்க இருக்குதுங்க.”

அந்தக் குவாட்டர்ஸில்தான் நாங்கள் இருக்கிறோம். என் மடியில் மகள், காலையில் அந்த ஓடையில் பிடித்த புட்டித் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். பிடுங்கினேன்; அழுதாள். அவளைத் தேற்றிவிட்டு என்ன மருந்து என்று கேட்பதற்குள் அடுத்த வளைவில் அவர்கள் இறங்கிவிட்டார்கள்.

இன்று காலை நானும் ஓடையில் ஓர் இலை போட்டேன். நகர்ந்தது. ஆனாலும் அந்தத் தண்ணீரை மகளுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. வாங்கி வைத்த கேன் தண்ணீர் நாளை வரைதான் வரும். இலை நகர்ந்தால் போதுமா, கொதிக்க வைத்தால் மருந்து போய்விடுமா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.