கெட்டில்காரன்

— வேலை தர்றேன்னவங்க சாயங்காலம் ஃபோன் பண்ணுவாங்க, முர்டோ. வேணாம்னு சொல்லிடறேன்.

— ஏம்மா லோர்னா, ராத்திரி வகுப்புக்கு அலைஞ்சு அலைஞ்சு கணக்குப் படிச்சது இதுக்குத்தானா?

— முழு நாள் வேலைய்யா அது. விடிஞ்சா போகணும், இருட்டினாத்தான் வரணும்.

— போயேன். உங்கம்மா சணல் நூத்த அதே மில்லு. இப்ப அங்க சின்னப் பசங்க உக்காந்து கம்ப்யூட்டர் கேம் தயார் பண்றாங்க. நீ போய் அவங்களுக்குச் சம்பளக் கணக்குப் போடு. உங்கம்மாவுக்கு அங்க கெடைக்காத நாற்காலி உனக்காவது கெடைக்கட்டும்.

— பேச்சை மாத்தாத. நான் வேலைக்குப் போயி நீ வீட்ல இருந்தா, இந்த ஊர்ல என்ன பேர் வைப்பாங்கன்னு உனக்கே தெரியும்.

— கெட்டில்காரன்.

— சொல்லாதய்யா, எனக்கே கூசுது.

— நம்ம டண்டீ ஊர்க்காரனுக்கு அது புதுசா? அந்தக் காலத்துல பொம்பளைக்குக் கூலி கம்மி, அதனால மில்லுல பொம்பளைக்குத்தான் வேலை. ஆம்பளை வீட்ல டீத்தண்ணிக்குக் கெட்டிலை அடுப்புல ஏத்திட்டு, புள்ளைக்கு மூக்குத் தொடைக்கணும். எங்கப்பா அதத்தானே பண்ணாரு.

— அவரை அப்படிச் சொன்ன பசங்களையெல்லாம் பள்ளிக்கூடத்துல நீ பொரட்டி எடுத்ததும் எனக்குத் தெரியும். டயர் ஃபேக்டரியில சேந்த அன்னிக்கு, இனிமே எவனும் என்னை அப்படிச் சொல்ல முடியாதுன்னு என் தோள்ல சாஞ்சு அழுத. அதையும் மூடிட்டாங்க. உன்னைப் பாத்து ஒருத்தன் சிரிச்சா என்னால தாங்க முடியாதுய்யா.

— அதனால இப்ப மாதிரியே அரை நாளைக்கு மீன் பொட்டலம் கட்டவே போகப் போற.

— உனக்கு ஒரு வேலை அமையற வரைக்கும்.

— அமைஞ்சுது. போன மாசம். துறைமுகத்துல, கடல்ல நட்டுக் கரண்டு எடுக்கற காத்தாலையெல்லாம் வந்து எறங்குதே, அங்க.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. எப்ப சேரணும்?

— வேணாம்னுட்டேன்.

— பைத்தியமா உனக்கு?

— ஃபேக்டரியை மூடினதுல நான் ஒடிஞ்சு போயிட்டேன்னு நீயா நெனச்சுக்கிட்ட, லோர்னா. வீட்டைக் கூட்டி, சூப்பு வெச்சு, வாசல்ல உன் செருப்புச் சத்தம் கேக்குதான்னு காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேனே, என் ஆயுசுலயே நான் சந்தோஷமா இருக்கறது இப்பதான்.