முதல் சத்தம்

காப்பி கொஞ்சம் நீர்த்துத்தான் இருக்கும், மிஸ் டீஸ்டேல். என் இதயத்தை உத்தேசித்து டாக்டர் அப்படிப் போட்டுக் குடிக்கச் சொல்லியிருக்கிறார். எனக்கு இதயம் இருப்பதற்கு இந்தக் காப்பி ஒன்றுதான் அத்தாட்சி. என்னைத் தெரிந்தவர்கள் பலர் அதையும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

ஏரிக்காற்றில் விறைத்துக்கொண்டு நீங்கள் இவ்வளவு தூரம் வந்தது காப்பிக்காக இல்லை என்று தெரியும். எஸ்ரா பிகெட்டின் 'வலக்கைக்கு விடுமுறை' ஆல்பத்தைத் தூசு தட்டி மறுபடி வெளியிடப் போகிறீர்கள். அதன் முதல் சத்தம் எது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். ஒரு பெரிய 'டொம்'. அதற்கடியில் ஏதோ தந்திகள் அதிர்ந்து அடங்குகின்றன. பிறகு சின்னதாக ஒரு கிறீச். பிறகு ஒன்றுமே இல்லை. அதற்கப்புறம்தான் எஸ்ராவின் சாக்ஸபோன் அலறிக்கொண்டு வருகிறது.

அந்தச் சத்தத்தைப் பற்றி எழுதப்பட்ட அத்தனையையும் படித்திருக்கிறேன். பழைய ஜாஸின் முகத்தில் கதவு சாத்தப்படுகிறது என்றார் ஒரு பேராசிரியர். சிகாகோ தெருவில் வெடித்த துப்பாக்கி என்றார் இன்னொருவர். டென்மார்க்கில் ஒருவர் அதைக் கடவுளோடு முடிச்சுப்போட்டு முழுப் புத்தகமே போட்டுவிட்டார். பியானோ என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை. அதில் எனக்கு மனவருத்தம் உண்டு.

எழுதாததும் நியாயம்தான். பியானோவை வெளியே தள்ளியதற்காகவே பேர்போன ஆல்பம் அது. ஃப்ரீ ஜாஸ் கற்றுத்தரும் கல்லூரியில் எல்லாம் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். பியானோக்காரன் நாலைந்து சுரங்களைச் சேர்த்து ஒரு சுரக்கூட்டை அழுத்திவிட்டால் மற்றவர்கள் அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்க வேண்டும், எஸ்ரா அந்த வேலியைப் பிடுங்கி எறிந்தார் என்று. பிடுங்கி எறியப்பட்ட வேலியோடுதான் நீங்கள் இப்போது காப்பி குடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

எஸ்ராவும் நானும் ஒரே தெரு, ஒரே சர்ச், ஒரே பாடகர் குழு. அவன் முதன்முதலில் சாக்ஸபோனை எடுத்து ஊதியபோது அடியில் பியானோ வாசித்தது நான்தான். அவன் எங்கே போனாலும் நான் அங்கே காத்திருப்பேன், சுரம் தவறினால் தாங்கிப் பிடிப்பேன். வேறொரு வாழ்க்கைக்கு நான் ஏற்பாடு செய்துகொள்ளவில்லை. தேவைப்படும் என்று நினைக்கவும் இல்லை.

அறுபத்தேழு குளிர்காலம். நாற்பத்தேழாவது தெருவில் எங்கள் சர்ச்சின் நிலவறையில்தான் பதிவு. ஒலிப்பதிவுக்கு வந்தவர் டேப்பை ஓடவிட்டு மைக்குகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். எஸ்ராவின் அக்கா சிஸ்டர் வெர்லீன் சோளரொட்டி சுட்டு, துணி போட்டு மூடிக் கொண்டுவந்து வைத்திருந்தார். நான் பியானோவைத் திறந்து விரல்களை ஊதிச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். எஸ்ரா கழுத்தில் சாக்ஸபோனைத் தொங்கவிட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான்.

"தியோ, இன்னைக்கு நீ சும்மா உக்காரு. பியானோ வேண்டாம்."

"எந்தப் பாட்டுக்கு?"

"எந்தப் பாட்டுக்குமே."

டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து பூன் குரல் கொடுத்தான். "விடுறா எஸ்ரா, அவன் வீட்டுக்குப் போயி மீன் பொரிக்கட்டும். பியானோவவிட அத நல்லாத்தான் செய்வான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மீன் நான் நன்றாகத்தான் பொரிப்பேன், அதில் பொய் இல்லை.

எஸ்ரா மட்டும் சிரிக்கவில்லை. "உன்மேல குத்தம் இல்லடா. நான் போற எடத்துக்கெல்லாம் நீ எனக்கு முன்னாடியே போயி வெளக்கப் போட்டு வச்சிடுற. எனக்கு ஒரு தடவையாவது இருட்டுல தொலைஞ்சு போகணும்."

"தொலைஞ்சா யாரு கூட்டிட்டு வர்றது?"

"வரலைன்னா போகுது, விடு."

சொல்லிவிட்டுக் குனிந்து, வலது கையால் ஒரு சுரக்கூட்டை அழுத்தினான். எந்தப் பாட்டையும் நான் முடிக்கிற சுரக்கூட்டு. "இது யாரு தெரியுதா? நம்ம தியோதான். ஞாயித்துக்கெழம, கஞ்சி போட்ட சட்ட, கையில பைபிளு." மறுபடி சிரிப்பு. கையை அவன் எடுக்கவில்லை. அந்த ஒலி தேய்ந்து போகும்வரை கேட்டுக்கொண்டு அப்படியே வைத்திருந்தான். அது அவனுக்குப் பிடித்த ஒலிதான், பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தது.

அப்போதுதான் பியானோவின் மூடி அவன் கைமேல் விழுந்தது. அன்றைக்கு எல்லோரும் அப்படித்தான் சொன்னோம். அந்தக் காலத்துச் சர்ச் பியானோக்களின் மூடி கனமான ஓக் பலகை. எஸ்ராவும் அப்படியேதான் சொன்னான். நானும் இத்தனை வருஷமாக மேடைக்கு மேடை அதையே சொல்லி வந்திருக்கிறேன்.

அவன் கத்தவில்லை. அந்தக் கத்தாத இடத்தைத்தான் உங்கள் ஆட்கள் ஜாஸ் வரலாற்றின் துணிச்சலான மௌனம் என்று எழுதுகிறார்கள். மூச்சு வராமல் நின்றான், அவ்வளவுதான். பிறகு வலக்கையை உருவிக்கொண்டு, இடது கையால் சாக்ஸபோனை வாய்க்குக் கொண்டுபோய், வாயில் வந்த சத்தத்தை அதற்குள் விட்டான். விட்டவன் நிறுத்தவே இல்லை. சாக்ஸபோனில் கீழ்ச்சுரங்கள் வேண்டுமென்றால் வலக்கை வேண்டும். அந்தக் கை உதவாததால் தொண்டையைக் கிழித்து, மூச்சை முறுக்கி, அந்தக் கருவியில் இல்லாத ஒலிகளைத் தேடித் தேடி எடுத்தான். பூனும் மற்றவர்களும் எதுவும் புரியாமல் பின்னாலேயே ஓடினார்கள். டேப் தீர்ந்து வேறு டேப் மாட்ட நிறுத்தியபோதுதான் வெர்லீன் சோளரொட்டித் துணியை எடுத்து அவன் கையில் சுற்றினார். மூன்று விரல்கள் நொறுங்கியிருந்தன.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். ஓஸ்லோவிலும் ஓசாகாவிலும் பிள்ளைகள் வலக்கையைப் பெல்ட்டால் கட்டிக்கொண்டு பயிற்சி செய்கிறார்கள். இடக்கை முறை என்று ஒரு பாடத்திட்டமே இருக்கிறது. டிரம்ஸ்காரர்கள், பாடகர்கள், சினிமாவுக்கு இசையமைப்பவர்கள் வரை அந்த ஆல்பத்திலிருந்து பிய்த்துக்கொள்ளாதவர்கள் இல்லை. ஒருமுறை ஒரு கல்லூரியில் என்னை மேடையேற்றினார்கள். அந்தச் சுதந்திரத்தின் ஊற்று எது என்று ஒரு பையன் கேட்டான். பராமரிப்பில்லாத மர சாமான் என்றேன். கைதட்டினார்கள்.

சரி, மூடி விழவில்லை, நான்தான் மூடினேன் என்று இதற்குள் உங்களுக்குப் புரிந்திருக்கும். பேனாவைக் கீழே வைக்காதீர்கள், கதை இன்னும் முடியவில்லை.

அடுத்த நாளிலிருந்து எஸ்ராவுக்குச் சட்டைப் பட்டன் போட்டுவிட்டது நான். கறி வெட்டிக் கொடுத்தது, காரோட்டியது, பாரிஸுக்குக் கச்சேரிக்குப் போனபோது ஓட்டல் குளியலறைத் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டது எல்லாம் நான்தான். குற்றவுணர்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு அவனோடு இருக்கப் பிடிக்கும். பியானோவில் உட்கார்ந்திருந்தபோதுகூட அவனுக்கு இவ்வளவு பக்கத்தில் நான் இருந்ததில்லை. பூன் என்னை 'மிஸஸ் பிகெட்' என்று கூப்பிட ஆரம்பித்தான். அதற்கும் சிரித்தேன்.

பாரிஸிலிருந்து திரும்பியதும் எலும்பு வைத்தியர் ஒருவர் அவன் கையைப் பார்த்தார். நல்ல மனிதர், ஜாஸ் என்றால் காத தூரம் ஓடுபவர். என்னை அண்ணன் என்று நினைத்துக்கொண்டு முடிவைத் தொலைபேசியில் என்னிடம் சொன்னார். எலும்பை மறுபடி உடைத்துச் சேர்த்தால் மூன்று விரலும் வேலை செய்யும், ஆனால் வசந்தத்துக்குள் செய்துவிட வேண்டும், அப்புறம் மூட்டு இறுகிவிடும் என்றார். நன்றி சொல்லி வைத்தேன். எஸ்ரா சமையலறை வாசலில் நின்றிருந்தான்.

"என்னவாம்?"

"ஒண்ணும் செய்யறதுக்கில்லையாம்டா. தொட்டா இன்னும் கெட்டுப்போகுமாம்."

"சரி" என்றான். அடுப்புப் பக்கம் திரும்பி, "மீனு கருகுது பாரு" என்றான்.

கருகியதைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சாப்பிட்டோம். நியாயமாக யோசித்துப் பாருங்கள், மிஸ் டீஸ்டேல். அவன் வலக்கை திரும்பி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நன்றாக வாசிக்கிற இன்னொரு சாக்ஸபோன்காரன் ஆகியிருப்பான். சிகாகோவில் எங்கள் சவுத் சைடு பகுதியில் மூலைக்கு மூலை அப்படி ஒருத்தன் இருந்தான். ஜனங்கள் இடக்கையைப் பார்க்க வந்தார்கள். ஒரு பாரம்பரியமே அந்த மூன்று விரலை நம்பித்தான் இருந்தது. யாராவது ஒருவர் அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. அப்படித்தான் நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன், மேடையில் சொல்லவும் வசதியாக இருந்தது. பட்டன் போட்டுவிட ஆள் தேவைப்படாத எஸ்ராவை நான் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை என்பதும் உண்மைதான். இரண்டில் எது பெரிது என்று கேட்காதீர்கள்.

போன மார்ச்சில் அவன் போய்ச் சேர்ந்தான். கடைசி வாரம் வெர்லீன் வீட்டு முன்னறையில் படுக்கை போட்டிருந்தார்கள். வெர்லீனுக்கு என்னை எப்போதும் பிடிக்காது. "நீ வந்தாலே வீட்டுல ஏதாவது ஒடையுதுய்யா" என்பார். அன்றைக்கு என்னவோ எங்களைத் தனியாக விட்டுவிட்டுப் போனார். எஸ்ரா தன் வலக்கையை எடுத்து என் மடியில் வைத்தான். மடக்க முடியாமல், சின்னப் பலகைத் துண்டு மாதிரி இருந்தது அது.

"மூடி தானா விழலைன்னு எனக்குத் தெரியும்டா" என்றான்.

நான் அந்தக் கையின் சட்டைப் பட்டனைப் போட்டுவிட்டேன்.

"கோவத்துல செஞ்சுட்ட. நானும் அன்னைக்கு ரொம்பக் கிண்டல் பண்ணிட்டேன். அதுக்கப்புறம் எத்தன வருஷம் பட்டன் போட்டுவிட்டிருக்க. வைத்தியரே ஒண்ணும் முடியாதுன்னு சொன்னப்புறம் உன்ன நொந்து என்ன ஆகப்போகுது? எனக்கு உன்மேல ஒண்ணும் இல்ல, போ."

அவனிடம் வைத்தியரைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவும் செய்தேன். அவன் முகம் அவ்வளவு நிம்மதியாக இருந்தது. சாகப்போகிறவனின் நிம்மதியைக் கெடுப்பானேன் என்று வாயை மூடிக்கொண்டு, போர்வையைச் சரிசெய்தேன். வெர்லீன் வந்து ஆப்பிள் கூழ் ஊட்டினார். நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டேன். சவ அடக்கத்தில் சர்ச் முழுக்கப் பிள்ளைகள், எல்லோரும் வலக்கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு வாசித்தார்கள். நான் அழுதேன். அழுகை உண்மைதான்.

இப்போது அந்தக் கிறீச்சுக்கு வருவோம். நீங்கள் டேப்பைச் சுத்தம் செய்தபோது அது தெளிவாகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். டபுள் பாஸ் வாசித்தவர் தந்திமேல் வில்லை இழுத்தது என்று இதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவர் அப்போது வில்லையே எடுத்திருக்கவில்லை. அது ஓக் மரம். விழுந்த மூடி தானாகக் கிறீச்சிடாது. மேலே யாராவது சாய்ந்தால்தான் அந்தச் சத்தம் வரும். இரண்டு முழங்கையையும் ஊன்றி, இருந்த எடையையெல்லாம் போட்டுச் சாய்ந்தேன். அப்போது நான் மெலிந்தவன், எட்டி எம்பித்தான் சாய வேண்டியிருந்தது. எஸ்ரா என் முகத்தைப் பார்த்தான். நானும் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எஸ்ரா கோபம் என்றானே, அது 'டொம்'மோடு முடிந்துவிட்டது. கிறீச் வரும்போது என்னிடம் கோபம் துளிகூட இல்லை. அமைதியாக இருந்தேன். இவன் இனி எங்கேயும் தொலைந்து போக முடியாது என்று நினைத்ததாக ஞாபகம்.

ஏன் இப்போது சொல்கிறேன் என்று கேட்பீர்கள். மனசாட்சி என்று சொன்னால் அழகாக இருக்கும், ஆனால் உங்களைப் பார்த்தால் கெட்டிக்காரப் பெண்ணாகத் தெரிகிறது. காரணம் இதுதான். உலகத்தில் ஃப்ரீ ஜாஸ் கேட்கிற ஒவ்வொருவருக்கும் அந்த முதல் சத்தம் தெரியும். தாள ஞானம் இல்லாதவன்கூட அதைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருகிறான். அதை வாசித்தவன் நான். சுதியோடு, சரியான இடத்தில், ஒரே தடவையில் வாசித்தேன். இத்தனை வருஷத்தில் எந்த உறையிலும் என் பெயர் இல்லை. பூன் பெயர் இருக்கிறது, மைக் பிடித்தவர் பெயர் இருக்கிறது, ரொட்டி கொண்டுவந்த வெர்லீனுக்குக்கூட நன்றி போட்டிருக்கிறார்கள். எஸ்ரா இருக்கும்வரை இதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

வைத்தியர் விஷயத்தை எழுதுவதும் எழுதாததும் உங்கள் இஷ்டம், அதில் நான் தலையிட மாட்டேன். உறையில் மட்டும் தியோடிஸ் மேப்ரி என்று போட்டு, பக்கத்தில் பியானோ என்று போட்டால் போதும். மூடி என்று போடாதீர்கள், ஜனங்கள் தப்பாக எடுத்துக்கொள்வார்கள்.