தூங்கிவிட்டுச் சொல்கிறேன்

அவைக்குத் தலைமையேற்று அணிசெய்யும் தலைவர் அவர்களே, அறிவிலும் அகவையிலும் மூத்த பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அரங்கை நிறைத்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

"மாமா, 'ஸ்லீப் ஆன் இட்'னா என்ன?"

ஒரு மாலை என் மனைவியின் தம்பி கேட்ட கேள்வி இது. லிப்ட் பழுது பார்ப்பவன். அவன் மனைவிக்கு வேறு ஊரில் வேலை, கைக்குழந்தையும் அவளிடம். அந்த ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டிருந்தான். தமிழ் தெரியாத மேலாளர் அம்மையார் சொன்ன பதில்தான் அந்த மூன்று சொல்.

"குடும்பத்தப் பத்திச் சொல்றேன், அந்தம்மா தூங்கப் போறேங்கறாங்க. அதுவும் என் விண்ணப்பத்து மேலயே. காலைல டூல் பைய அவங்க மேஜைல வெச்சுட்டு, வேலைய விட்டுட்டு வந்துடப் போறேன்."

அவன்மேல் பிழையா? கோப்பு தூங்குகிறது என்றால் நமக்கு என்ன பொருள்? கேட்பாரற்றுக் கிடக்கிறது என்பதுதானே? ஆனால் அங்கே தூங்குவது கோப்பல்ல, ஆள். இரவு கழியட்டும், தெளிந்த மனத்தோடு முடிவு சொல்கிறேன் என்பது பொருள். 'ஆற அமர யோசித்து' என்கிறோமே, அதுதான். வீடு வாங்கவா, வேலையை விடவா என்றால் சொல்லலாம். காப்பியா தேநீரா என்று கேட்டவரிடம் சொன்னால் இரண்டும் கிடைக்காது. மூன்றாம் வரிசையில் கொட்டாவி விடும் ஐயா, நான் சொல்லும் தூக்கம் இதுவன்று.

விளக்கியதும் என் மனைவி தம்பியிடம் சொன்னாள்: "அப்ப நீயும் அதையே செய். சாப்ட்டுட்டுப் படு. வேலைய விடறதக் காலைல பாத்துக்கலாம்."

"அக்கா, நீ யார் பக்கம்?"

"தூக்கத்தோட பக்கம்."

மறுநாள் அம்மையார் அவனைத் தம் அறைக்கு அழைத்தார். மாற்றல் இல்லை என்றார். அங்கே இடம் காலியில்லையாம். ஆம், அந்தத் தொடர் 'சரி' என்று வாக்குத் தருவதில்லை. முந்தைய மாலையாக இருந்தால் பை மேஜைக்குப் போயிருக்கும். அன்றோ அவன் கேட்டான்: "அப்ப வாரக் கடைசில எனக்கு வேலை போடாம இருக்க முடியுமா?" அதற்கு அவர் தூங்கவில்லை, அப்போதே தலையசைத்தார். வாரந்தோறும் இரண்டு நாள் தகப்பன் கிடைத்தான் அந்தக் குழந்தைக்கு.

பதறிய நாக்கு பாதையை அடைக்கும். பொறுத்த நாக்கு புதுவழி கேட்கும். ஆனால் காலையில் பதில் சொல்லாமல் நழுவுகிறவர், ஆற அமர யோசித்தவரா? இல்லை, ஆறப்போட்டவர்.

செவி தந்த சபைக்கு நன்றி, வணக்கம். இன்று யாரிடமாவது கோபமாகப் பதில் சொல்ல நேர்ந்தால், "நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். நாளை மறக்காமல் சொல்லிவிடுங்கள்.